ஓடை, மலை, வானம்... உங்கள் குழந்தையின் ரிப்போர்ட் கார்டு யாருக்காக?

வீட்டில் எட்டாம் வகுப்புக்குள் படிக்கிற குழந்தை இருக்கிறதா? அப்படியென்றால், கடந்த இரண்டு, மூன்று வருடங்களில் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த வார்த்தைகளில் ஏதாவது ஒன்று வந்து விழுந்திருக்கும். என்.சி.எஃப், ஹெச்.பி.சி, பரக், காம்பிடன்ஸி, 360 டிகிரி... நம்மில் முக்கால்வாசிப் பேர் அதற்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் கடந்துவிடுவோம். பிறகு பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சரைத் தனியாகப் பிடித்து, "அதெல்லாம் சரி மேம்... இனிமே ஃபெயில் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்போம்.

நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் குழந்தைக்குப் போடப்படும் அந்த மதிப்பீடு யாருக்காக? குழந்தைக்கா, டீச்சருக்கா, பள்ளிக்கூடத்துக்கா, டெல்லிக்கா? இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என்று ஆரம்பித்த ஒரு நாடு, 35 வருடங்களுக்கும் மேலாக அதைப் பிரித்து மேய்ந்து, திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நாட்டின் கதைக்கு வருவோம். அதற்கு முன் நம் ஊர் நிலவரம்.

என்னதான் மாறுகிறது?

2020 ஜூலை 29-ல் மத்திய அமைச்சரவை தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக, கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு தயாரித்த தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு இரண்டு தவணையாக வந்தது. 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கானது 2022 அக்டோபரில். மொத்தப் பள்ளிக் கல்விக்குமானது 2023 ஆகஸ்டில். நமக்குப் பழக்கமான 10+2 போய் 5+3+3+4 வந்த கதையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் பெற்றோர் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வகுப்புகளை வேறு மாதிரி கட்டுக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கவனிக்கவேண்டியது மதிப்பீட்டை. அங்கே ஒரே சமயத்தில் மூன்று வேறு வேறு விஷயங்கள் வருகின்றன. மூன்றுக்கும் நாம் 'எக்ஸாம்' என்று ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறோம். குழப்பமே அங்கேதான்.

முதலாவது, ஹெச்.பி.சி எனப்படும் முழுமையான முன்னேற்ற அட்டை. மார்க் ஷீட்டுக்குப் பதிலாக வருவது. டீச்சர் எழுதுவார், குழந்தை தன்னைப் பற்றித் தானே குறிக்கும், பக்கத்தில் உட்காரும் தோழன் குறிப்பான், பெற்றோருக்கும் ஒரு பக்கம் உண்டு. சின்ன வகுப்புகளுக்கு 'ஏ', 'பி' கூடக் கிடையாது. ஓடை, மலை, வானம் என்று படம் போட்டிருக்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? "உங்க பையன் வானமா? எங்க பொண்ணு இன்னும் மலையிலயே நிக்குறா" என்று லிஃப்ட்டில் பேசிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்!

இரண்டாவது, பரக். என்.சி.இ.ஆர்.டி-யின் கீழ் 2023-ல் தொடங்கப்பட்ட தேசிய மதிப்பீட்டு மையம் இது. 2024 டிசம்பர் 4-ம் தேதி இந்த மையம் நாடு முழுக்க 3, 6, 9-ம் வகுப்புகளில் ஒரு சர்வே நடத்தியது. 74,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள், சுமார் 21 லட்சம் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பள்ளிகளும் உண்டு. இது மாதிரி எடுத்துப் பார்க்கிற ஆய்வு. எந்தக் குழந்தைக்கும் இதில் பாஸ், ஃபெயில் கிடையாது.

மூன்றாவதுதான் நீங்கள் டீச்சரைத் தனியாகப் பிடித்துக் கேட்ட விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 2010-ல் நடைமுறைக்கு வந்தபோது, எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-ல் அந்தப் பிரிவைத் திருத்தி, 5, 8-ம் வகுப்புகளில் நிறுத்திவைக்கலாமா, வேண்டாமா என்பதை அந்தந்த அரசுகள் முடிவுசெய்யலாம் என்று ஆக்கினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதியைக் கொண்டுவந்தது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளில் 5, 8-ம் வகுப்புத் தேர்வில் தேறாத குழந்தைக்கு, கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். பள்ளியைவிட்டு மட்டும் அனுப்பக் கூடாது.

தமிழ்நாடு இந்தப் பாதையை ஏற்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் தொடரும் என்று அரசு சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டு, 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது. கொள்கைச் சண்டையில் ₹2,152 கோடி நிதி நின்றுபோன விவகாரம் தனிக் கதை, அது இங்கே வேண்டாம்.

"அப்போ ஸ்டேட் போர்டு பிள்ளைங்களுக்கு இது எதுவும் இல்லையே, நான் எதுக்குப் படிக்கணும்?" என்று நீங்கள் நகரப் பார்க்கலாம். கொஞ்சம் இருங்க. பாடத்திட்டம் எந்த போர்டாக இருந்தாலும், மதிப்பீட்டில் விழுகிற பள்ளம் ஒன்றுதான். நாம் ஏற்கெனவே ஒருமுறை அதில் விழுந்து எழுந்தவர்கள்.

அங்கன்வாடித் தராசு

இந்த மூன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ள அங்கன்வாடிக்குப் போகலாம். அங்கே மாதா மாதம் குழந்தையை எடை பார்ப்பார்கள். அந்த எடை முதலில் அம்மாவுக்கான செய்தி. "புள்ள இந்த மாசம் ஏறல, முட்டை சேர்த்துக் குடுங்க" என்பார் அங்கன்வாடி அக்கா. அதே எடைகளைக் கூட்டிப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் மெலிந்திருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியும். அதற்கேற்ப சத்துமாவு அனுப்பலாம். முதலாவது ஒரு குழந்தையைப் பற்றியது. இரண்டாவது ஊரைப் பற்றியது. இரண்டுமே தேவை.

இப்போது ஒரு உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை குறைவோ, அந்தப் பெயரைப் பேப்பரில் போடுவோம். அடுத்த மாதம் என்ன நடக்கும்? தராசில் ஏற்றும்போது செருப்பைக் கழற்ற மறந்துவிடுவார்கள். மெலிந்த குழந்தை அன்றைக்குப் பார்த்து லீவு. யாரும் கெட்டவர்கள் இல்லை. வேலை போய்விடுமே என்ற பயம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து தராசு அம்மாவுக்கும் உண்மை சொல்லாது, அரசுக்கும் உண்மை சொல்லாது.

இங்கிலாந்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

மிதக்குமா, மூழ்குமா?

1988 வரை இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் தலைமை ஆசிரியரும் உள்ளூர்க் கல்வி நிர்வாகமும் பார்த்துக்கொண்டார்கள். சட்டப்படி கட்டாயமாக இருந்த ஒரே பாடம் மதக் கல்வி. இதை மாற்றியது மார்கரெட் தாட்சர் ஆட்சியில், கென்னத் பேக்கர் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம். அது சட்டமான தேதி 1988 ஜூலை 29. நம் கொள்கைக்கு ஒப்புதல் கிடைத்ததும் ஜூலை 29. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றும் மையப் பாடங்கள். வரலாறு, புவியியல், இசை, ஓவியம் என மற்றவற்றையும் சேர்த்துப் பத்துப் பாடங்கள். 5 வயது முதல் 16 வயது வரையிலான படிப்பை நான்கு கட்டங்களாகப் பிரித்து, 7, 11, 14, 16 வயதில் மதிப்பீடு என்று திட்டம்.

பொதுப் பாடத்திட்டத்தால் நல்லது நடக்கவில்லையா என்றால், நடந்தது. அதுவரை 14 வயதில் இயற்பியலை விட்டுவிட்டு ஓடிய பெண் பிள்ளைகள் ஏராளம். புதிய திட்டத்தில் 16 வயது வரை எல்லோரும் அறிவியல் படித்தாக வேண்டும் என்றானது. எந்த ஊரில் பிறந்தாலும், எந்தப் பள்ளிக்குப் போனாலும் இவ்வளவு விஷயம் உனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று சொல்வது குழந்தைக்குக் கொடுக்கிற உரிமை. தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியன்டல் என்று நாலு விதமாகக் கிடந்ததை ஒன்றாக்கிய சமச்சீர் கல்விக்குப் பின்னாலும் இதே நியாயம்தான் இருந்தது. 2011-ல் அது உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது.

பிரச்னை தேர்வில் ஆரம்பித்தது. எப்படி மதிப்பிடலாம் என்று யோசனை சொல்ல, லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பால் பிளாக் தலைமையில் ஒரு குழுவைப் போட்டார்கள். டீச்சருக்கும் குழந்தைக்கும் அடுத்து என்ன செய்வது என்று சொல்வதுதான் மதிப்பீட்டின் முதல் வேலை, வகுப்பறையில் டீச்சர் பார்ப்பதற்குப் பெரிய இடம் வேண்டும் என்பது அவர்கள் அறிக்கையின் சாரம். அரசாங்கம் அறிக்கையை வாங்கிக்கொண்டது. அதிலிருந்த பத்து லெவல்களையும் எடுத்துக்கொண்டது. அந்தச் சாரம் மட்டும் வருடா வருடம் கரைந்துகொண்டே போனது.

1991-ல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு முதல் தேர்வு. அப்போது அது பேப்பர் தேர்வு இல்லை. தண்ணீர்த் தொட்டியை வைத்து, எது மிதக்கும், எது மூழ்கும் என்று குழந்தைகளை யூகிக்கச் சொல்லி, போட்டுப் பார்க்கச் சொல்லி, டீச்சர் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வார். நல்ல ஐடியாதான். ஆனால் நாலு பிள்ளைகளை இப்படிப் பார்க்கும்போது மீதி இருபது சொச்சம் பேர் என்ன செய்வார்கள்? அந்த வேலைப்பளு வளர்ந்து வளர்ந்து, 1993-ல் ஆசிரியர் சங்கங்கள் தேர்வையே புறக்கணித்தன. ஒரு உள்ளாட்சி கவுன்சில் கோர்ட்டுக்குப் போய், ஆசிரியர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. அரசு இறங்கிவந்து ரான் டியரிங் என்பவரைக் கொண்டு மொத்தத்தையும் மறு ஆய்வு செய்தது. பாடச்சுமை குறைந்தது. தண்ணீர்த் தொட்டியும் போனது. திருத்துவதற்குச் சுலபமான எழுத்துத் தேர்வு தங்கிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1990-களின் பிற்பகுதியில் 11 வயதுப் பிள்ளைகளின் முடிவுகளும் பள்ளி வாரியாக வெளியாகத் தொடங்கின. பத்திரிகைகள் அதை வரிசைப் பட்டியலாக்கின. வீடு வாங்குகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து ஏரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 11 வயதில் 'லெவல் 4' வாங்கிய பிள்ளைகள் எத்தனை சதவிகிதம் என்பதே பள்ளியின் மானம், மரியாதை எல்லாம் ஆனது. விளைவு? லெவல் 4-க்கு ஒரு அடி கீழே நிற்கும் பிள்ளைகளுக்கு விசேஷ வகுப்பு. நன்றாகப் படிப்பவன் எப்படியும் வாங்கிவிடுவான், ரொம்பப் பின்தங்கியவன் எப்படியும் வாங்கப்போவதில்லை, அதனால் இருவருமே கணக்கில் இல்லை.

நம் ஊரில் இது தெரியாதா என்ன? 35 மார்க் பார்டரில் நிற்பவனுக்கு மட்டும் சாயந்திரம் சுண்டலோடு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிற பள்ளிகளை நாம் பார்த்ததில்லையா!

2008-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று இதையெல்லாம் விசாரித்து, ஒரே தேர்வை ஏகப்பட்ட வேலைகளுக்குப் பயன்படுத்துவதுதான் கோளாறு என்று சொன்னது. அதே வருடம் விடைத்தாள் திருத்துவதில் பெரும் குளறுபடி நடந்து, 14 வயதுத் தேர்வையே ரத்து செய்தார்கள். 11 வயது அறிவியல் தேர்வை 2010 முதல் எல்லோருக்கும் வைப்பதில்லை. 2014-ல் புதிய பாடத்திட்டத்தோடு அந்த லெவல்களையே தூக்கினார்கள். பிள்ளைகள் தங்களையே 'நான் ஒரு லெவல் 3' என்று சொல்லிக்கொள்கிற நிலை வந்திருந்தது. 2016-ல் கடினமாக்கப்பட்ட புதிய தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 53% மட்டுமே. ஒரே வருடத்தில் நாட்டின் பாதிக் குழந்தைகள் திடீரென்று மக்காகிவிடவில்லை. அளவுகோல் மாறியது, அவ்வளவுதான். எதில் ஆரம்பித்தார்களோ, அந்த ஏழு வயதுத் தேர்வும் 2023-24 முதல் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது.

நாமும் ஒருமுறை செய்து பார்த்தோம்

இந்தியாவுக்கு வருவோம். மார்க்கைக் குறைத்துக் குழந்தையை முழுசாகப் பார்ப்போம் என்ற வாக்குறுதி நமக்குப் புதிதில்லை. 2009-ல் சி.பி.எஸ்.இ கொண்டுவந்த சி.சி.இ நினைவிருக்கிறதா? நாலு எஃப்.ஏ, இரண்டு எஸ்.ஏ, மார்க்குக்குப் பதில் ஒன்பது கிரேடு. பத்தாம் வகுப்பு போர்டு எக்ஸாம்கூட விருப்பப்பட்டால் எழுதலாம் என்றார்கள். 2018-ல் போர்டு எக்ஸாம் மறுபடி கட்டாயமானது, சி.சி.இ-க்கு மூடுவிழா.

தமிழ்நாட்டிலும் 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது அதே அமைப்புதான். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. முப்பருவத்தால் புத்தகப் பை எடை குறைந்தது, அதற்குப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் அந்த 40 மார்க் வளரறி என்ன ஆனது? வளர்வதை அறிவதற்காக வைத்தது. நம் வீடுகளில் அது ராத்திரி பத்து மணிக்குத் தெர்மாகோல் வெட்டுகிற வேலையானது. சூரியக் குடும்பம் செய்வது அப்பா, சார்ட்டில் எழுதுவது அம்மா, முடியாவிட்டால் ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். பிள்ளை மறுநாள் தூக்கிக்கொண்டு போவான். டீச்சர் பாவம், 40 பிள்ளைகளுக்கும் ரெஜிஸ்டரில் கட்டம் நிரப்பவேண்டிய அவசரத்தில் எல்லோருக்கும் 38, 39 என்று போடுவார்.

ஏன் இப்படி ஆனது? வகுப்பறையில் டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தை மார்க்காக்கி, இறுதி ரிசல்ட்டில் கூட்டினோம். கூட்டுவதற்காகப் போடும் மார்க் என்றதும் எல்லோரும் அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். தெர்மாகோல் சூரியனுக்கு அடியில் பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்பது புதைந்துபோகும்.

இதில் ஓர் ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1988-ல் ரூத் பட்லர் என்ற இஸ்ரேல் ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெறும் மார்க். இன்னொரு பிரிவுக்கு மார்க் இல்லாமல், எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும். மூன்றாவது பிரிவுக்கு மார்க்கும் குறிப்பும். மூன்றாவது பிரிவுதான் ஜெயித்திருக்கும் என்று நினைப்போம் இல்லையா? முன்னேறியது குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள்தான். மார்க்கோடு குறிப்பும் வாங்கியவர்கள் வெறும் மார்க் வாங்கியவர்களைப் போலத்தான் இருந்தார்கள். மார்க்கைப் பார்த்ததும் குறிப்பின் வேலை முடிந்துவிடுகிறது. நாமும் பேப்பர் வந்ததும் முதலில் என்ன கேட்கிறோம்? "எவ்ளோடா?" அடுத்த கேள்வி, "ஃபர்ஸ்ட் யாரு?"

ஆக, ஹெச்.பி.சி அட்டையில் ஓடையும் மலையும் வரைந்ததால் மட்டும் ஒன்றும் மாறாது. அந்த ஓடைக்குப் பக்கத்தில் டீச்சர் கைப்பட என்ன எழுதுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 40, 45 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், இத்தனை பக்க அட்டையை எழுத டீச்சருக்கு நேரம் எங்கே? ஆன்லைனில் ரெடிமேட் வாக்கியங்களை காப்பி பேஸ்ட் செய்வதில் போய் முடிந்தால் ஆச்சர்யப்பட வேண்டாம். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்ததும் இதே நேரப் பஞ்சம்தான்.

கொள்கைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வரி

தேசியக் கல்விக் கொள்கையின் மதிப்பீட்டுப் பகுதியில் ஒரு இடம் இருக்கிறது. 3, 5, 8-ம் வகுப்புகளில் எல்லா மாணவர்களும் பொருத்தமான அமைப்பு நடத்தும் தேர்வை எழுதுவார்கள் என்கிறது. அதன் முடிவுகள் பள்ளிக் கல்வியை மேம்படுத்துவதற்கு மட்டுமே பயன்படும் என்கிறது. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள், அதே வாக்கியத்தில், பள்ளிகள் தங்கள் மாணவர்களின் ஒட்டுமொத்த முடிவுகளைப் பெயர் இல்லாமல் பொதுவெளியில் வெளியிடுவதும் அதில் அடக்கம் என்கிறது.

இங்கிலாந்துக் கதையைப் படித்துவிட்டு இந்த வரியைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. குழந்தையின் பெயர் வராது, சரி. பள்ளியின் பெயர் வருமே? அட்மிஷன் சீசனில் மெயின் ரோடு முழுக்க சென்டம் ஃப்ளெக்ஸ் கட்டுகிற ஊர் இது. 'மூன்றாம் வகுப்பில் 98%' என்று எட்டு வயதுப் பிள்ளைகளின் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் வைக்க நம் பள்ளிகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அதற்குப் பின்னாலேயே மூன்றாம் வகுப்பு கோச்சிங், இரண்டாம் வகுப்பு ஃபவுண்டேஷன் எல்லாம் வந்து நிற்கும்.

தேர்வு இருந்தால்தான் பாடம் நடக்கும் என்பதும் நமக்குத் தெரிந்த விஷயம். 11-ம் வகுப்புப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டு வருடமும் 12-ம் வகுப்புப் பாடத்தையே சில பள்ளிகள் நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் 11-ம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது அதை எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்பது உண்மை. பழைய பழக்கம் திரும்புமா என்பதை ப்ளஸ் ஒன் பெற்றோர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அறிவியல் தேர்வை எடுத்த பிறகு தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் பின் பெஞ்சுக்குப் போய்விட்டதாக இங்கிலாந்திலும் புலம்பல் உண்டு.

சரி, ஃபெயில் போடலாமா, கூடாதா?

இப்போது உங்கள் கேள்வி. "ஃபெயில் பண்ணாததாலதான் ஒன்பதாவது வந்தும் தமிழ் வாசிக்கத் தெரியல" என்று பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. எட்டு வருடம் யாரும் கவனிக்காமல் தள்ளிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் கதவைச் சாத்துவது இரக்கம் ஆகாது.

ஆனால் பரக் சர்வே என்ன சொல்கிறது என்று பாருங்கள். மூன்றாம் வகுப்பில் 99 வரையிலான எண்களை ஏறு வரிசையிலோ, இறங்கு வரிசையிலோ அடுக்கத் தெரிந்தவர்கள் 55% பேர்தான். ஆறாம் வகுப்பில் பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்தவர்கள் 53%. அதாவது, மூன்றாம் வகுப்பிலேயே கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் தடுக்கி நிற்பது டெல்லிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு செய்யவேண்டியது மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் அனுப்புவதா, ஐந்தாம் வகுப்பில் குழந்தையை நிறுத்திவைப்பதா? இரண்டாம் வகுப்பில் விட்டுப்போனதை இரண்டு மாத ஸ்பெஷல் கிளாஸில் பிடித்துவிட முடியும் என்று நம்புவதற்கு ரொம்பவே தைரியம் வேண்டும்.

நிறுத்திவைக்கப்படுகிற பத்து வயதுக் குழந்தை, அதே புத்தகத்தை, பெரும்பாலும் அதே டீச்சரிடம், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கப்போகிறது. மாறுவது பக்கத்தில் உட்காரும் தோழன் மட்டும்தான். அது யார் வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்றும் யோசியுங்கள். ட்யூஷனுக்கு வழியிருக்கிற வீட்டுப் பிள்ளை அந்த இரண்டு மாதத்தில் எப்படியாவது தேறிவிடும். 2019-ல் தமிழ்நாடே 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தது. எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. அன்றைக்கு அதிகம் பயந்ததும் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான்.

என் கருத்தைக் கேட்டால், சர்வே இருக்கட்டும். எத்தனை குழந்தைகளுக்கு வாய்ப்பாடு தெரியவில்லை என்று அரசுக்குத் தெரியவே வேண்டும். ஹெச்.பி.சி-யும் இருக்கட்டும், டீச்சருக்கு எழுத நேரம் கொடுத்தால். இந்த இரண்டையும் பள்ளிகளை வரிசைப்படுத்தவும், குழந்தையை நிறுத்திவைக்கவும் எடுத்துக்கொண்டால், தராசில் செருப்போடு ஏறும் கதைதான்.

அடுத்த மீட்டிங்கில் என்ன கேட்கலாம்?

எந்த போர்டாக இருந்தாலும் ரேங்க்கை விட்டுவிட்டு இதைக் கேட்டுப் பாருங்கள். "மேம், இவளுக்கு இப்போ கணக்குல எந்த இடம் புரியல? அதுக்கு நீங்க என்ன பண்றீங்க, நாங்க வீட்ல என்ன பண்ணணும்?" பதில் பின்னத்துக்கும் தசமத்துக்கும் போனால் உங்கள் பள்ளியில் மதிப்பீடு வேலை செய்கிறது. "கான்சன்ட்ரேஷன் பத்தல, நல்லா பிராக்டீஸ் பண்ணச் சொல்லுங்க" என்றால், அட்டையில் எத்தனை டிகிரி இருந்தாலும் பழைய ரிப்போர்ட் கார்டுதான்.

பெற்றோர் பக்கத்தை நீங்களே நிரப்பாதீர்கள், குழந்தையை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். தன்னைத் தானே மதிப்பிடும் பக்கத்தில் "எனக்குக் கழித்தல் வராது" என்று குழந்தை எழுதியிருந்தால், அழித்துவிட்டு வானத்தில் டிக் அடிக்கச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியைத்தான் டீச்சர் படிக்க வேண்டும்.

5, 8-ம் வகுப்பு நிறுத்திவைப்பு பற்றி ஏதாவது ஒரு படிவத்தில் பள்ளி கையெழுத்துக் கேட்டால், உடனே போடாமல் வீட்டுக்கு வாங்கிவந்து படியுங்கள். எந்த விதியின் கீழ் கேட்கிறார்கள், மறுதேர்வு எப்போது, அதற்கு முன் யார், எந்த பீரியடில், எத்தனை வாரம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் பயிற்சி என்பது விதியிலேயே இருக்கிறது, பள்ளி செய்கிற சலுகை இல்லை.

நாளைக்கே உங்கள் பள்ளி வாசலில் 'மூன்றாம் வகுப்பில் 92%' என்று ஃப்ளெக்ஸ் தொங்கினால், மீதி 8% பிள்ளைகளின் பெற்றோரும் அதே கேட் வழியாகத்தான் வருவார்கள். உள்ளே போனதும் அந்த 8% பிள்ளைகளுக்கு இந்த வாரம் என்ன நடக்கிறது என்று ஹெச்.எம்-மிடம் கேளுங்கள், உங்கள் குழந்தை 92-ல் இருந்தாலும்.